வேர் பார்த்துக் கட்டிய முடி

முடிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று கட்டுகளை மேசைமேல் போட்டுவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்று மோவாயை ஆட்டினான். இராஜம்மா கண்ணால் பார்த்து முடி வாங்குகிறவள் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டாக விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பார்த்தாள். முதல் கட்டு தேங்காய் நார், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது சாயம் தோய்த்தது. மேலே வழவழவென்று போய் நுனியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவதைத் தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது. கனமான முடி. வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக இறங்கியது. கண்ணைத் திறந்து தூக்கிப் பிடித்தாள். மேசை உயரத்திலிருந்து தொங்கித் தரையைத் தொட்டது, அப்புறமும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

எந்த மகராசி தலையில் இருந்ததோ என்று நினைத்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தை மாதம் பத்துமலையில் மொட்டை போட்ட தலை அவளுடையது. ஏழு மாதத்தில் நாலு விரல் வளர்ந்து, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாமல் குத்திட்டு நின்றது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இது யார் முடி என்று கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் கேட்டாள். உயிரோடிருக்கிற பெண்பிள்ளையின் முடிதான், தமிழ்க்காரி ஒருத்தி கொண்டுவந்தாள், மொத்தம் இரண்டு கட்டு, ஒன்றைச் சீனக்கூத்துக்காரன் வேஷமுடிக்கு வாங்கிப் போய்விட்டான் என்றான் தவுக்கே. சொல்லிவிட்டுப் பல்லைக் குத்தத் தொடங்கினான். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் இராஜம்மாவின் பேரத்துக்குப் பயப்படாத கடைக்காரன் கிடையாது. அன்று அவள் பேரமே பேசவில்லை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் சவுரி என்றால் இராஜம்மா, சடைக்குஞ்சம் என்றால் தங்கமணி. இருவரும் அடுத்தடுத்த வீடு. நடுவில் இருக்கிற பலகைச் சுவரில் ஒருத்தி தும்மினால் மற்றவள் நூறு வயது என்பாள். லைன் பெண்கள் தலை வாரும்போது உதிர்கிற முடியை எறிவதில்லை. சுருட்டிப் பலகை இடுக்கில் செருகி வைப்பார்கள். ஓராண்டு, ஈராண்டு சேர்ந்ததும் இராஜம்மா மடியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் சிக்கெடுத்து, சிகைக்காயில் அலசி, ஆணிப்பலகையில் இழுத்து, அவரவர் முடியிலேயே அவரவருக்குச் சவுரி கட்டிக் கொடுப்பாள். அதன் நுனியில் தொங்க, பட்டுநூலும் சரிகையும் வைத்துத் தங்கமணி குஞ்சம் கட்டுவாள். இந்த இரண்டும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்ததில்லை.

சவுரி கட்டுவதில் சூட்சுமம் ஒன்றுதான். வேர்ப்பக்கம் வேரோடு, நுனிப்பக்கம் நுனியோடு சேர வேண்டும். நாலு முடி தலைகீழாகக் கலந்தாலும் போயிற்று, ஒரே மாதத்தில் சவுரி காக்கைக்கூடு ஆகிவிடும். உதிர்ந்த முடியில் வேர் எது, நுனி எது என்று எப்படித் தெரியும்? இரண்டு விரலில் வைத்து உருட்டினால் முடி மெல்ல வேர்ப்பக்கமாக நகரும். இதை இராஜம்மாவுக்குக் காட்டியது தங்கமணிதான். வேர் பார்த்துச் சேர்த்த கட்டின் தலையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு யாரும் மாற்றிவிட முடியாது. தங்கமணி இடக்கைக்காரி. ஊரார் சுற்று வலமாக ஓடினால் அவள் சுற்று இடமாக ஓடும். ஆயிரம் கட்டுகளுக்கு நடுவில் அவள் கட்டிய கட்டு தனியாகத் தெரியும்.

இராஜம்மா தொடாத முடி இரண்டு உண்டு. செத்தவர் முடி ஒன்று, சாமிக்குக் கொடுத்த முடி மற்றது. ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ரெங்கசாமியின் சம்சாரம் இதைக் கேள்விப்பட்டுத்தான் தேடி வந்தாள். அவள் மகள் சந்திரகலாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் நல்ல அழகு, சடைதான் எலிவால். முழங்கால்வரை தொங்க வேண்டும் என்று கிராணியம்மாவுக்கு ஆசை. உதிர்ந்த முடியைச் சேர்த்தால் ஒரு சாண்கூடத் தேறாது. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இராஜம்மா சொன்னபோது, "யாரு முடின்னு நல்லா விசாரிச்சு வாங்கு. நீ சுத்தக்காரின்னுதான் உங்கிட்ட வந்தேன்" என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைச் சிகைக்காய்த் தண்ணீரில் போட்டாள். வேர்ப்பக்கம் கடைக்காரன் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் ஊறிக் கழன்று வந்தது. அடியில் நீலப் பட்டுநூல். இடமாகச் சுற்றியிருந்தது.

இராஜம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த அக்கா எப்போது முடி வியாபாரத்தில் இறங்கினாள், எனக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். யாரிடம் வாங்கியிருப்பாள், லைனில் இப்படி முடி யாருக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு வீடாக மனசில் எண்ணிப் பார்த்தாள். ஒருத்திகூட அகப்படவில்லை. வெயிலில் உலர்த்தி, ஆணிப்பலகையில் வைத்து இழுத்தாள். பாதி வழியில் ஒரு கற்றை மட்டும் குட்டையாக நின்றது. அதன் நுனியைத் தடவினாள். நெருப்பில் பொசுங்கிய முடி சுருண்டு, கடுகு போலச் சின்னச் சின்ன உருண்டையாக இறுகியிருந்தது.

போன கார்த்திகையன்று இராஜம்மா அகல் ஏற்றக் குனிந்தபோது அவள் பின்னல் முன்னால் விழுந்து பொசுங்கியது. வீடு முழுக்க நாற்றம். மகள் நாகு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாகுவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் அது.

அப்படியும் அவள் நம்பவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். இரண்டையும் சேர்த்து விரலில் வைத்து உருட்டினாள். ஒரே கனம், ஒரே நெளிவு. தன் முடியை ஒருத்தி பின்னாலிருந்து பார்த்ததுண்டா? இருபத்தெட்டு வருஷம் முதுகில் சுமந்த முடியைக் கடையில் வேறொருத்தியுடையது என்று நினைத்துப் பொறாமைப்பட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்திருக்கிறாள். இன்னொரு பாதி எந்த ஊர்ச் சீனக்கூத்தில் எந்த ராஜாவின் தலையில் ஆடிக்கொண்டிருக்கிறதோ. இராஜம்மா ஆணிப்பலகையை நகர்த்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உலையில் போட்ட அரிசி குழைந்து போயிற்று.

மார்கழியில் நாகுவுக்கு வந்த காய்ச்சல் மூன்று வாரம் இறங்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளை, வாரினால் சீப்போடு முடி வந்தது. கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸர், இனி கடவுள் விட்ட வழி என்று கையை விரித்தார். புருஷன் பக்கிரிசாமி தண்டவாள வேலைக்கு ரவாங் பக்கம் போயிருந்தான். கூட இருந்தது தங்கமணிதான். கஞ்சி காய்ச்சினாள், துணி துவைத்தாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இராஜம்மாவைத் தூங்கச் சொன்னாள். அதையெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

பிள்ளையிடம் கொடுக்க முடி இல்லை, தன் தலையிலிருந்து பூமுடி கொடுக்கிறேன் முருகா என்று இராஜம்மா வேண்டிக்கொண்டாள். பூமுடி என்றால் நுனியில் மூன்று விரற்கடை நறுக்கிக் கொடுப்பது. புருஷன் இருக்கிற பெண்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். தங்கமணி அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளையின் நெற்றித் துணியை நனைத்துப் போட்டாள். பிறகு, "புள்ள உசுரக் கேக்குற, மூணு விரக்கடை முடிய நீட்டுறியேடி. சாமி என்ன நெனைக்கும்? முழுசாக் குடுத்துரு" என்றாள். இராஜம்மா முழுசாக வேண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

தைப்பூசத்தன்று ஸ்பெஷல் ரயிலில் இராஜம்மா, தங்கமணி, நாகு மூவரும் பத்துமலைக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் மொட்டை போடுகிற கன்னையா முடியை இரண்டாக வகிர்ந்து முடிந்து, உச்சியிலிருந்து மழித்து, இரண்டு கட்டாகவே எடுத்து இலையில் வைத்தார். குளித்த ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்கோயிலின் மரப்படி முழுவதும் ஏறுவதாக இன்னொரு வேண்டுதலும் இருந்தது. "ஈரம் காயறதுக்குள்ள நீ ஏறு. முடிய நான் ஆத்துல விட்டுர்றேன்" என்று தங்கமணி இலையைக் கையில் வாங்கிக்கொண்டாள். இறங்கி வந்ததும் இராஜம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"விட்டுட்டேன்டி. பாம்பு மாதிரி வளைஞ்சி வளைஞ்சி போச்சி. பாக்கவே அழகா இருந்திச்சி."

இதை நினைத்தபோதுதான் இராஜம்மாவுக்கு அழுகை வந்தது. எடுத்ததைக்கூட மன்னிக்கலாம். வளைந்து வளைந்து போனது என்று சொல்லியிருக்க வேண்டாம். எத்தனை நாள் கண்ணை மூடி அந்த ஆற்றையும் அந்த முடியையும் பார்த்து மனசு குளிர்ந்திருக்கிறாள். அடுத்த வாரம் தங்கமணி நாகுவுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு கவுன் எடுத்து வந்தாள். பிழைத்து வந்த பிள்ளைக்குப் புதுத்துணி என்றாள். இராஜம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடவே இருந்து குழி பறிக்கிறவர்களைப் பற்றி ஊரில் எவ்வளவோ சொல்வார்கள். குழியில் விழுந்தவள் பறித்தவளின் கையைக் கண்ணில் ஒற்றிய கதையை யாரும் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கமணி குஞ்சத்தோடு வந்தாள். மூன்று குஞ்சம், சிவப்புப் பட்டில், சரிகை சுற்றியது. "சவுரியக் கொண்டாடி, வெச்சுப் பாப்போம்" என்றபடி உட்கார்ந்தவள் ஆணிப்பலகையில் கிடந்த முடியைப் பார்த்தாள். பக்கத்தில் நீலப் பட்டுநூலை முடிச்சு அவிழாமல் இராஜம்மா எடுத்து வைத்திருந்தாள். தங்கமணி அதையும் பார்த்தாள். குஞ்சத்தை மெதுவாகப் பாயில் வைத்தாள்.

"எங்க வாங்குன?"

"நீ வித்த எடத்துலதான்."

வெளியே செந்தூல் பக்கம் போகிற ரயில் சுவரை அதிரவிட்டுப் போயிற்று. அது போகிற வரைக்கும் இருவரும் காத்திருந்தார்கள்.

"சாமிக்கு நீ மொட்ட போட்டதுதான் கணக்கு" என்றாள் தங்கமணி. "தலைய விட்டு எறங்கினா அது வெறும் குப்பதான். ஆத்துல விட்டா மீன்கூட திங்காது."

"குப்பைன்னா ஏன்க்கா வேர் பாத்துக் கட்டுன?"

தங்கமணி குனிந்துகொண்டாள். இடது கைப் பெருவிரலால் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். ரயில்வே பட்டறையில் அப்போது ஆள் குறைத்தார்கள், தன் புருஷன் பெயரும் அதில் இருந்தது என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். முடி விற்ற காசில்தான் நாகுவுக்குக் கவுன் எடுத்ததாகவும் சொன்னாள். இராஜம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கஷ்டம் என்று கேட்டிருந்தால் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். அது இருவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறொன்று. ராத்திரியெல்லாம் அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பூமுடி போதும்னு நான் வேண்டிக்கிட்டேன். நீதான் முழுசாக் குடுன்ன. அது நாகுவுக்காகச் சொன்னியா, முடிக்காகச் சொன்னியா?"

தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல வாயெடுத்தது போலத்தான் இருந்தது. என்ன நினைத்தாளோ, சொல்லவில்லை.

"எனக்கே தெரியலடி. புள்ளயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ குனிஞ்சி அழுதுக்கிட்டிருந்த. முடி அவ மேல வந்து விழுந்திச்சி. அதயும் பாத்தேன். ரெண்டும் கண்ணு முன்னாலதான் இருந்திச்சி."

நாகுவுக்காகத்தான் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் இராஜம்மா நம்பியிருப்பாள், நம்பவே ஆசைப்பட்டாள். எழுந்து குஞ்சங்களை எடுத்து மூலையில் வைத்தாள். "குஞ்சம் நல்லாருக்கு. கிராணியம்மாகிட்ட நானே குடுத்துர்றேன்" என்றாள். தங்கமணி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நாகு ஓடிவந்து, "பெரியம்மா, போறீங்களா?" என்று கேட்டது. "போறேன்" என்றாள். எப்போதும் வரேன் என்றுதான் சொல்வாள்.

பக்கிரிசாமியிடம் இராஜம்மா மூச்சுவிடவில்லை. சொன்னால் அவன் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று கத்துவான். லைன் முழுக்கக் கூடும். கத்தித் தீர்த்துவிட்டால் ஆறு மாதத்தில் எல்லாரும் மறந்து, கஞ்சி கொடுத்து வாங்கத் தொடங்கிவிடுவார்கள். இது அப்படித் தீர்ந்துபோவதில் அவளுக்கு இஷ்டமில்லை.

முடியை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். சாமிக்குக் கொடுத்த முடியைத் தொடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் அவள். ஆனால் இது சாமிக்குப் போகவே இல்லையே. சாமி கைக்குப் போகாத வரைக்கும் இது வெறும் முடிதான், அதுவும் தன் முடி. இப்படி நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. போகவில்லை என்றால் பிள்ளையின் உயிருக்குச் சொன்ன சொல் இன்னும் பாக்கி நிற்கிறது. ஏழு மாதமாக நிற்கிறது. அன்றைக்குப் பார்த்து நாகு இரண்டு தரம் தும்மியது. இராஜம்மா ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அரை மணிக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே சவுரியைக் கட்டி முடித்தாள்.

வியாழக்கிழமை கிராணியம்மா சவுரியைத் தூக்கி முழங்கால்வரை தொங்கவிட்டுப் பார்த்தாள். "யாரு முடின்னு கேட்டியா?" என்றாள்.

"என்னுதுதான்ம்மா. தை மாசம் எடுத்தது."

கிராணியம்மா அவளுடைய முக்காட்டைப் பார்த்தாள், கழுத்துத் தாலியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. சுமங்கலி முடி, ராசியான முடி என்று சொல்லி, உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். சந்திரகலா வந்து சவுரியைத் தன் எலிவாலோடு சேர்த்துப் பிடித்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இராஜம்மா கூலியை வாங்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு லைன் முழுவதும் போயிருந்த வெள்ளிக்கிழமை காலை, நாகுவைக் கூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போனாள். ஆவணி மாதத்தில் அங்கே ஈ காக்கை இல்லை. கோயிலடியில் கன்னையா கத்தியைத் தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முக்காட்டை எடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தவளின் தலையைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தை மாசந்தானே குடுத்துட்டுப் போன? அதுக்குள்ள இன்னொரு வேண்டுதலா?"

"அதே வேண்டுதல்தாண்ணே. போன தடவ போய்ச் சேரல."

கன்னையா எத்தனையோ பேரின் தலையைத் தொட்டவர். மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மெதுவாக மழித்தார். முடிந்து எடுக்க முடியாத குட்டை முடி. இராஜம்மா முந்தானையை விரித்து ஒன்றுகூடக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சேர்த்தும் ஒரு கைப்பிடி இல்லை. கழுத்திலும் தோளிலும் ஒட்டியிருந்ததை நாகுவைப் பொறுக்கச் சொன்னாள். கன்னையா ஒரு வாழையிலைத் துண்டை நீட்டி, "குடு, நான் விட்டுர்றேன். நீ ஏறு" என்றார். "வேணாண்ணே" என்று இலையை மட்டும் வாங்கி முடியை அதில் வைத்துக்கொண்டாள். அவர் மேல் சந்தேகம் ஒன்றுமில்லை. ஆனாலும் கொடுக்கக் கை வரவில்லை.

நாகுவைக் கரையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கி, இலையை நீரோட்டத்தில் வைத்து விரலை எடுத்தாள். இலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பியது. இராஜம்மா கரையேறி, ஈரச் சேலையோடு அது போகிற பக்கமே நடந்தாள்.

"கோயிலுக்கு இந்தப் பக்கமாம்மா?" என்று நாகு கேட்டது.

இலை ஒரு வேரில் போய் மாட்டிக்கொண்டது. இராஜம்மா நின்றாள். குச்சி ஒன்றை ஒடித்து, குனிந்து, முடி சிந்தாமல் இலையை மெல்லத் தள்ளிவிட்டாள். அது மறுபடி நகர்ந்தது. மேலே கோயில் மணி அடித்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு வளைந்த இடத்தில் வழி நின்றுபோய்ப் புதர்தான் இருந்தது. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணை இலையிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தாள்.